ஈரத்தலையும் வாடகை சைக்கிளும்

எங்கள் தெரு முனையில் ஒரு சைக்கிள் கடை இருக்கிறது. என் சைக்கிளுக்குக் காற்றடிக்க நான் வேறெங்கும் போவதில்லை. எங்கேயாவது போன இடத்தில் டயர் இறங்கிவிட்டால்கூட, பக்கத்திலேயே வேறு கடை இருந்தாலும், இங்கே வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்துவிடுவேன். என் பெரிய மகன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அம்மாவுக்கு அந்தக் கடைக் காற்றுதான் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் என்பான். காரணம் அவனுக்குப் பாதிதான் தெரியும். மீதியைப் பிள்ளைகளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த மில்லில் முதலில் சம்பளம் தள்ளிப் போனது, அப்புறம் ஷிப்டே இல்லாமல் போனது. எங்கள் தெருவில் மில் வேலை என்றால் ஒரு மரியாதை. அந்த மரியாதையை வைத்துக்கொண்டு உலை கொதிக்காதே. நான் லாஸ்பேட்டையில் ஒரு குவார்ட்டர்ஸ் வீட்டுக்குச் சமைக்கப் போனேன். புருஷன், பெண்சாதி இரண்டு பேரும் ஆபீஸ் போகிறவர்கள். விடிந்ததும் நான் அங்கே நிற்க வேண்டும். டிபன் செய்து, மத்தியானச் சாப்பாட்டை டப்பாவில் கட்டிக் கொடுத்தால்தான் அவர்கள் ஸ்கூட்டரை எடுப்பார்கள்.

அடுத்தவர் வீட்டில் கரண்டி பிடிக்கப் போகிறேன் என்பதைத் தெருவுக்குச் சொல்ல என் வீட்டுக்காரருக்கு வாய் வரவில்லை. யாரோ கேட்டபோது, "ஒரு வேண்டுதல், விடியக்காலையில கோயிலுக்குப் போறா" என்று சொல்லிவிட்டார். பொய்க்குச் சாமியை இழுத்தது அவர்தான். ஆனால் நான் பக்கத்தில்தான் நின்றேன். விளக்கு ஏற்றாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவள் நான், இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று ராத்திரி சாமி மாடத்தின் எதிரே நிற்கவே கூசியது. கண்ணை மூடிக்கொண்டு கற்பூரத்தைக் காட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஆரம்பத்தில் அவரே இருட்டோடு இருட்டாக என்னைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு போய் விடுவார். அப்புறம் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆனது. இனிமேல் சைக்கிளை மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த நேரத்துக்கு எங்கள் பக்கம் பஸ்ஸும் கிடையாது, ஆட்டோவும் கிடையாது. நடந்தேன். கருவடிக்குப்பம் தாண்டி, லாஸ்பேட்டை மேட்டில் ஏறுவதற்குள் மூச்சு வாங்கும். எவ்வளவு வேகமாக நடந்தாலும் நேரம் ஆகிவிடும். அந்த வீட்டம்மா நல்ல மாதிரி, கோபித்துக்கொள்ளவில்லை. ஆடி முடிகிற வரைக்கும் பார்க்கிறேன், அப்புறமும் லேட் ஆனால் பக்கத்திலேயே ஒரு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சாந்தமாகச் சொன்னார். சாந்தமாகச் சொன்னதால்தான் பயம் அதிகமானது. எங்கள் வீட்டில் அப்போது வேறு வருமானமே இல்லை.

ஆக, நான் சைக்கிள் கற்றுக்கொள்ள வேண்டும். இரண்டு பிள்ளை பெற்று, தலையில் நரை விழுந்த பிறகு. வீட்டில் இருந்தது கம்பி வைத்த ஆம்பளை சைக்கிள். சேலையோடு அதில் காலைத் தூக்கிப் போட முடியாது.

முனைக் கடையில் வாடகை சைக்கிள் வரிசையாக நிற்கும். பின் மட்கார்டில் நம்பர் எழுதியிருக்கும். லேடீஸ் சைக்கிள் ஒன்றே ஒன்று. கடையைப் புருஷனும் பெண்சாதியுமாக நடத்தினார்கள். மேலே மாதா படம், அதற்கு ஒரு சின்ன பல்பு. அவர் வீலைச் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார், வாய் திறக்க மாட்டார். அவருக்கும் சேர்த்துக் கடைக்காரம்மா பேசும். தண்ணீர்த் தொட்டி முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, டியூபை முக்கிப் பஞ்சர் பார்த்துக்கொண்டே போகிறவர் வருகிறவரை எல்லாம் ஒரு வார்த்தை இழுக்கும்.

அந்த வாய்க்குப் பயந்துகொண்டேதான் நான் கடைக்குப் போனேன். லேடீஸ் சைக்கிள் வாடகைக்கு வேண்டும், எங்கள் வீட்டுப் பெண் பழகுவதற்கு என்று சொன்னேன்.

கடைக்காரம்மா டியூபைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்தது. "உங்க வீட்டுல ரெண்டும் பசங்கதானேக்கா?"

நான் மட்கார்டில் இருந்த நம்பரைப் பார்த்தேன். கடையில் வேறு ஆள் இல்லாதது சாமி புண்ணியம். ஏன், எதற்கு என்று அது கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, "எந்த நேரத்துக்கு வரீங்க?" என்று மட்டும் கேட்டது.

எங்கே பழகுவது என்பது அடுத்த பிரச்சினை. பீச் ரோட்டில் சாயங்காலம் ஊரே நடக்கும். ஸ்கூல் கிரவுண்டில் பையன்கள் பந்து அடிப்பார்கள். வைத்திக்குப்பம் பக்கம் மணல், வலை காயப்போட்டிருக்கும். ஆள் நடமாட்டம் இல்லாத, நல்ல தார் போட்ட ரோடு ஒன்றே ஒன்றுதான் என்றது கடைக்காரம்மா. கருவடிக்குப்பத்தில் சுடுகாட்டுக்குப் போகிற ரோடு.

நான் காதைப் பொத்திக்கொண்டேன். பொம்பளை சுடுகாட்டுப் பக்கம் போவதா? அதுவும் பொழுது சாய்கிற நேரத்தில்? அதற்குக் கடைக்காரம்மா சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. "செத்தவங்க யாரும் நம்மளைப் பாத்துச் சிரிக்க மாட்டாங்கக்கா. உங்க தெருவுல அப்படியா?"

அன்றைக்கே போனேன்.

அந்த வீட்டம்மா கொடுத்த கெடு மனசில் இருந்ததால் ஒரு நாளும் விடவில்லை. மறுநாள் போனபோது கடைக்காரர் சீட்டை இறக்கி வைத்திருந்தார். வைத்திக்குப்பத்திலிருந்து கிழிந்த வலைத் துண்டு ஒன்றை வாங்கி வந்து, சேலை சிக்காமல் இருக்கப் பின்வீலின் இரண்டு பக்கமும் கட்டியிருந்தார். சைக்கிளில் லேசாகக் கவிச்சி அடித்தது. நான் ஆடி முடியும் வரை அசைவம் தொடுவதில்லை. மூக்கைப் பிடித்துக்கொள்ளக்கூட வெட்கப்பட்டு, பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

சுடுகாட்டு ரோட்டில் கேரியரைப் பிடித்துக்கொண்டு கடைக்காரம்மா கூடவே ஓடி வரும். கனத்த உடம்பு. நான் திரும்பித் திரும்பி, விட்டுவிடாதே, விட்டுவிடாதே என்பேன். ஒரு நாள், உனக்கு ஓட்டத் தெரியும், அதனால் பயமில்லை என்று சொல்லிவிட்டேன். அது நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தது. "எனக்கு எங்கக்கா ஓட்டத் தெரியும்? பிடிக்கத்தான் தெரியும்." சைக்கிள் கடைக்காரர் பெண்சாதி ஒரு நாள்கூடச் சைக்கிளில் ஏறியதில்லையாம். கேட்டதும் அங்கேயே வேலியில் போய் விழுந்தேன்.

அந்த ரோட்டில் எப்போதும் பூ கிடக்கும். பிணத்தோடு வருகிறவர்கள் வழி நெடுக இறைத்துக்கொண்டே போகிற சாமந்தியும் அரளியும் பொரியும். செத்தவருக்குப் போட்ட பூவை மிதிக்கலாமா? எனக்கு மனசு கேட்காது. ஒவ்வொரு பூவுக்கும் ஹேண்டில்பாரை ஒடிப்பேன். இந்தப் பக்கம் ஒடித்தால் அந்தப் பக்கம் ஒன்று கிடக்கும். கடைக்காரம்மா பின்னாலிருந்து, பூவைப் பார்க்காதே, ரோட்டைப் பார் என்று கத்தும். நான் பூவைத்தான் பார்த்தேன். அப்படி ஒடித்து ஒடித்துப் போய், ஒரு நாள் பூ தீர்ந்த இடத்தில் திரும்பிப் பார்த்தால் கடைக்காரம்மா வெகு தூரத்தில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிற்கிறது. எப்போது கையை விட்டது என்றே தெரியாது. பேலன்ஸ் வந்துவிட்டது.

ஆனால் ஒரு காரியம் மட்டும் நான் விடவில்லை. சுடுகாட்டு ரோட்டை மிதித்துவிட்டுத் தலைக்குக் குளிக்காமல் வீட்டுக்குள் நுழைவது எப்படி? பின்பக்கமாக வந்து, குழாயடியில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் விளக்கு வைப்பேன். தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் ஈரத்தலை. இது நாலு பேர் கண்ணில் படும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆசாரத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டேன்.

எதிர் வீட்டுக்காரி முதலில் கேட்டாள். என்னைவிடச் சின்னவள், அக்கா அக்கா என்று ஒட்டிக்கொள்வாள். யாராவது போய்விட்டார்களா, எங்களுக்கெல்லாம் சொல்லவே இல்லையே என்று துக்கம் கேட்கிற குரலில் கேட்டாள். உடம்பு சூடு, அதனால் ஊற்றிக்கொள்கிறேன் என்றேன். அவள் நம்பவில்லை. அப்புறம் பக்கத்துத் தெருவில் ஒரு சாவு. அந்தப் பிணத்தோடு போன ஆம்பளைகள் யாரோ எங்களைப் பார்த்துவிட்டார்கள். மேளச் சத்தம் கேட்டதும் சைக்கிளைப் புதரில் சாய்த்துவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒதுங்கித்தான் நின்றோம். அப்படி ஒதுங்கி நின்றதே வினையாகிவிட்டது.

பிறகு கதை தானே வளர்ந்தது. விடியக்காலையில் கோயில், பொழுது சாயும்போது சுடுகாடு, வந்ததும் தலைக்குளியல். மில்லைத் திறக்க வைக்க ஏதோ பண்ணுகிறாள், இல்லையென்றால் யாருக்கோ செய்வினை வைக்கிறாள். நான் தெருவில் வந்தால் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். விடு, சமையல் வேலை தெரிவதைவிட இது பரவாயில்லை என்றார். அவர் அப்படிச் சொன்னதும், நான் அதற்குத் தலையாட்டியதும் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

என்னோடு நின்றிருந்தால் அது என் பாடு. கதை கடைக்கும் போனது. அந்தக் கடைச் சைக்கிள் சுடுகாட்டுக்குப் போய் வருகிற சைக்கிள், எடுக்காதே என்று பிள்ளைகளைத் தடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்தக் கடையில் ஒரு வாடகை சைக்கிள் மிஞ்சாது. பையன்கள் காத்துக்கொண்டு நிற்பார்கள். நான் காய்கறி வாங்கப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாச் சைக்கிளும் துடைத்து வைத்தபடி வரிசையாக நின்றன. கடைக்காரர் சுற்ற ஒரு வீல்கூட இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைக்காரம்மா என்னைப் பார்த்து எப்போதும்போல, காய் என்ன விலை என்று கேட்டது.

அந்த வாரத்திலேயே இன்னொன்று நடந்தது. நான் சைக்கிளைத் திருப்பி விட வந்தவள், கடை உள்ளே தொங்குகிற டயர்களுக்குப் பின்னால் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். வெளியே எதிர் வீட்டுக்காரி குரல். கூட இன்னும் இரண்டு பேர். நீ கூடப் போகிறாயே, அவள் அங்கே என்ன பண்ணுகிறாள், சொல்லிவிடு, உன் பிழைப்பை ஏன் கெடுத்துக்கொள்கிறாய் என்று கடைக்காரம்மாவைக் கேட்கிறார்கள். அது உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே கதை முடிந்திருக்கும். சைக்கிள் ஓட்டப் பழகுகிறாள் என்ற ஒரு வார்த்தை போதும்.

"காத்து அடிக்க வந்தா அடிச்சிட்டுப் போங்க" என்றது கடைக்காரம்மா. "என் கடையில சைக்கிளுக்குத்தான் பஞ்சர் பாக்கிறது."

நான் டயர் மறைவில் நின்றேன். ரப்பர் வாசனை மூக்கில் ஏறியது. நாலு எட்டு வைத்து வெளியே வந்து, நான்தான், இதற்காகத்தான் என்று சொல்லியிருக்கலாம். கால் எழவில்லை. அவர்கள் போன பிறகுதான் வந்தேன். நான் உள்ளே இருந்தது கடைக்காரம்மாவுக்குத் தெரியும். தெரிந்தும், நாளைக்குக் கொஞ்சம் முன்னாடியே வந்துவிடுங்கள், மழை வரும்போல இருக்கிறது என்று சொன்னது. அதன் முகத்தைப் பார்க்க முடியாமல் சரி சரி என்று ஓடிவந்தேன். அது என்னைத் திட்டியிருந்தால் எனக்குப் பாதி பாரம் இறங்கியிருக்கும்.

ஆடியில் எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவோம். அவரவர் வீட்டில் காய்ச்சிய கூழைக் கொண்டுபோய்க் கோயில் அண்டாவில் ஒன்றாகக் கொட்ட வேண்டும். அப்புறம் பூசாரி படைத்து, எல்லாருக்கும் ஊற்றுவார். யார் வீட்டுக் கூழ் எது என்று அங்கே பிரித்துப் பார்க்க முடியாது. நான் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து ஒரு ஆடிகூட விட்டதில்லை. அந்த வருஷமும் கேழ்வரகு ஊறவைத்து, அரைத்து, புளிக்க வைத்து, விடியக்காலையில் காய்ச்சித் தூக்குச்சட்டியில் ஊற்றிவிட்டேன். அது ஞாயிற்றுக்கிழமை, லாஸ்பேட்டை வேலை இல்லை.

எதிர் வீட்டுக்காரி வாசலோடு நின்று சொன்னாள். உள்ளே வரவில்லை. "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வருசம் உங்க கூழ் அண்டாவுல வேணாம்னு சொல்லச் சொன்னாங்க."

யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. மாரியம்மனே சொன்னதுபோல இருந்தது எனக்கு. சாமி பேரில் பொய் சொன்ன வீட்டுக் கூழை அவள் எப்படி வாங்குவாள் என்று நினைத்துக்கொண்டு சமையற்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகைகூட வரவில்லை. கூழ் ஆறிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் தோன்றியது, நான் ஒருத்தி வெளியே நின்றால் என் கூழ்தான் வீணாகும், ஆனால் அந்தக் கடைக்கு இது இன்னும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை? நான் வாயைத் திறக்கிறவரைக்கும் கடைக்காரம்மா வாயைத் திறக்காது.

தூக்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். சைக்கிள் வேண்டும் என்றேன். கடைக்காரர் எழுந்து, பழைய டியூபைக் கிழித்துத் தூக்கைக் கேரியரில் இறுக்கிக் கட்டினார். எங்கே போகிறீர்கள் என்று கடைக்காரம்மா கேட்டது. கோயிலுக்கு என்றேன்.

"இன்னைக்கு நெசமாவா?"

எங்கள் வீட்டுப் பொய் அதற்கும் தெரிந்திருக்கிறது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது வலையில் சிக்காதபடி என் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிவிட்டது.

எங்கள் தெருவில் அன்றுதான் முதல் தடவையாகச் சைக்கிளில் ஏறினேன். வேப்பிலைத் தோரணம், மைக் செட், கோயில் வாசலில் தெரு மொத்தமும். கீழே பூ எதுவும் கிடக்கவில்லை, இருந்தாலும் ஹேண்டில்பார் ஒடிந்து ஒடிந்துதான் போனது. கோயில் வாசலில் பிரேக் பிடித்து, ஒரு காலை ஊன்றி, விழாமல் நின்றேன். என் வீட்டுக்காரர் பந்தல் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தால் என் வாய் அடைத்துவிடும் என்று பூசாரியைப் பார்த்தேன்.

"நான் சுடுகாட்டு ரோட்டுல சைக்கிள் பழகினேன். லாஸ்பேட்டையில ஒரு வீட்டுக்குச் சமைக்கப் போறேன், அதுக்காகத்தான். கோயிலுக்குப் போறேன்னு சொன்னது பொய். கடைக்காரங்க மேல ஒரு பழியும் இல்ல."

இவ்வளவுதான் சொன்னேன். அப்புறம் கூட்டத்தில் யாரோ ஒரு பொம்பளை, "இதுக்காடீ தலைக்கு ஊத்திக்கிட்ட?" என்றாள். ஒருத்தி சிரித்தாள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். செய்வினை வைக்கிறாள் என்று பயந்தபோதுகூட எனக்கு அவ்வளவு கூசவில்லை. அந்தச் சிரிப்பில்தான் உடம்பு முழுக்கக் கூசிப்போனேன். நிமிர்ந்தபோது என் வீட்டுக்காரர் நின்ற இடத்தில் அவர் இல்லை.

பூசாரி சிரிக்கவில்லை. கேரியரில் டியூப் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார், முடியவில்லை. கடைக்காரர் கட்டு அப்படி. கடைசியில் எதிர் வீட்டுக்காரிதான் வந்து பல்லால் கடித்து முடிச்சை இளக்கினாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. தூக்கை அவளே தூக்கி அண்டாவில் கவிழ்த்தாள்.

என் வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதற்கப்புறம் ஒரு விடியக்காலையில், நான் எழுந்திருக்கும் முன்னால், வாசலில் நான் வாடகைக்கு எடுத்து வந்திருந்த சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். லாஸ்பேட்டை வேலை நிலைத்தது. அங்கே பல வருஷம் சமைத்தேன். அந்த லேடீஸ் சைக்கிளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காசு அடைத்து எனக்கே வாங்கிக்கொண்டேன். வலை இன்னும் அதில்தான் இருக்கிறது, கவிச்சி மட்டும் போய்விட்டது.

கடைக்கு உடனே பழையபடி ஆள் வந்துவிடவில்லை. பையன்கள் வர நாளானது. சில பேர் திரும்பி வரவே இல்லை. அப்புறம் பெரிய ரோட்டில் கண்ணாடி போட்ட ஷோரூம் வந்தது, மொபெட் வந்தது, வாடகை சைக்கிள் எடுக்கிறவர்களே குறைந்தார்கள். எதனால் எவ்வளவு என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? அதுவும் அண்டாக் கூழ் மாதிரிதான். ஆனால் என் வீட்டுக் கூழும் அதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பெரியவன் ஹைஸ்கூல் போனபோது ஷோரூம் சைக்கிள்தான் வேண்டும் என்று அடம் பிடித்தான். என் வீட்டுக்காரர் எனக்கு முன்னாடியே சொல்லிவிட்டார், முனைக் கடையில்தான் வாங்குவோம் என்று.

கோயில் வாசலில் அத்தனை பேர் எதிரே பேசிய நான், டயருக்குப் பின்னால் நின்ற அந்த நாளைப் பற்றிக் கடைக்காரம்மாவிடம் இன்றைக்கும் பேசியதில்லை. பேச வேண்டும் என்று நினைத்துத்தான் போவேன். வாய் வராது. சும்மா வந்ததாகத் தெரியக் கூடாதே என்று, காற்றடிக்கணும் என்பேன். அது கட்டை விரலால் டயரை அழுத்திப் பார்க்கும்.

போன வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றியில் குங்குமத்தோடு போய் நின்றேன். அழுத்திப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது. "முந்தாநேத்து அடிச்ச காத்தே கல்லு மாதிரி இருக்குதுக்கா. இன்னும் அடிச்சா வெடிச்சிடும்."

இருக்கட்டும், கொஞ்சம் அடி என்றேன்.

"வாரத்துக்கு ரெண்டு தடவை வரீங்க. கோயிலுக்கு வர்ற மாதிரி" என்று சொல்லிவிட்டு, அடித்துவிட்டதுபோல் பம்பை ஒரே ஒரு தடவை அழுத்தியது. நான் காசை அதன் கையில் வைத்துவிட்டு, மாதா படத்தையும் ஒரு தரம் கும்பிட்டுவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.